ஆயுத பூஜைக்குக் கழுவிய கேஜ்

மே 5

ஆயில் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. நான்கு மாதமாக ஷெட்டில் மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. இன்று உருவி எடுத்துத் துடைத்தேன். மேஜை ஆடினால் ஆடட்டும்.

எனக்கு ஒரு வண்டியின் கோளாறு பிடிபடாவிட்டால் யாரிடமாவது வாய்விட்டுப் பேச வேண்டும். பேசப் பேசத்தான் புத்தி வேலை செய்யும். பதினாறு வருஷமாக அதற்கு சிக்கந்தர் இருந்தான். இன்ஜின் வேலையில் பொள்ளாச்சியிலேயே அவனைப் போல் ஆள் கிடையாது. போன நவம்பரில் வேலையை விட்டுப் போய்விட்டான். இப்போது இருக்கிற இரண்டு மெக்கானிக்குகளும் நல்ல மாதிரிதான், ஆனால் நான் எதைச் சொன்னாலும் "செரிங்க" என்கிறார்கள். வீட்டில் சரசுவிடம் பேசிப் பார்த்தேன். "ஏனுங்க, சோறு திங்கறப்ப பிஸ்டனைப் பத்திப் பேசாதீங்க, எறங்க மாட்டீங்குது" என்று சொல்லிவிட்டாள். மிச்சம் இந்த டைரிதான்.

இன்று ஒரு சின்னக் கார் வந்தது. மைலேஜ் இல்லையாம். கம்ப்ரஷன் டெஸ்ட் வைத்தேன். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை முடுக்கி, ஆக்ஸிலேட்டரை முழுக்க அமுக்கிக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற விட்டால், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று முள் காட்டும். நூற்று எழுபது பவுண்டு வந்தால் ஆரோக்கியமான இன்ஜின். இதற்கு நான்கிலும் நூற்று முப்பதை ஒட்டித்தான் வந்தது. பிஸ்டனைச் சுற்றிக் காற்று ஒழுகாமல் பிடிக்கிற ரிங்கு தேய்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த வருஷம் என் ஷெட்டுக்கு வந்த ஒரு பெட்ரோல் வண்டிக்கும் மூச்சு இல்லை. பெட்ரோலில் என்னத்தைக் கலந்து தொலைக்கிறார்களோ.

மே 6

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சிக்கந்தரைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

மே 9

உடுமலையிலிருந்து ஒரு போன். திருமூர்த்தி என்று பேர் சொன்னான். சின்ன வயசுக் குரல்.

"அண்ணா, புதுசா ஷெட் போட்டிருக்கறனுங்க. இன்ஜினுக்கு ஒரு ஆள் வேணும். சிக்கந்தர் பாய்னு ஒருத்தர் வந்து கேட்டாரு. உங்ககிட்ட ரொம்ப வருசம் இருந்தாராமா. ஆளு எப்படிங்க?"

"நல்ல வேலைக்காரன்ப்பா. கை சுத்தம். அவன் இன்ஜின் கட்டுனா ஓடறதே தெரியாது" என்றேன்.

"அப்ப வெச்சுக்கலாமுங்களா?"

"தாராளமா வெச்சுக்க. ஆனா…"

"ஆனான்னா என்னங்கண்ணா?"

"ஒண்ணுமில்ல. பார்ட்ஸை மட்டும் உன்ற கண்ணு முன்னால மாட்டச் சொல்லு."

"செரிங்கண்ணா, புரிஞ்சுதுங்க" என்று வைத்துவிட்டான்.

கேட்டான், சொன்னேன். நானாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. மத்தியானம் சோற்றைப் பாதியில் வைத்து எழுந்துவிட்டேன். குழம்பில் உப்பு கூடிவிட்டதா என்று சரசு கேட்டாள். ஆமாம் என்றேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மே 10

நடந்ததை ஒருமுறை எழுதிவிட்டால் விட்டுத் தொலையும் என்று தோன்றுகிறது.

தெய்வானை டீச்சர் எங்களுடைய பழைய கஸ்டமர். ரிட்டையர் ஆகிப் பத்து வருஷம் ஆகிறது, இன்னும் தானே கார் ஓட்டுவார். போன செப்டம்பரில் அவருடைய இன்ஜின் புகை தள்ளியது. சிக்கந்தர் முழுக்கப் பிரித்துப் புது ரிங்கு போட்டுக் கட்டினான். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமானைப் புதுசு வந்த டப்பாவிலேயே போட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவோம். மாற்றினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. சிக்கந்தர் கொடுக்கத்தான் போனான். "இந்தக் குப்பை எனக்கெதுக்குப்பா" என்று டீச்சர் வாங்கவில்லை. பழைய இரும்போடு எடைக்குப் போய்விட்டது.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், நவம்பரில், வண்டி மலை ஏற மாட்டேன் என்கிறது என்று டீச்சர் வந்தார். ஆழியார் தாண்டி இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே முக்குகிறதாம். நான் கேஜை வைத்தேன். நான்கு சிலிண்டரிலும் நூற்று இருபத்தைந்து. புது ரிங்கு போட்ட இன்ஜினுக்கு இது வராது. பழைய ரிங்கையே கழுவிப் போட்டுவிட்டுப் புதுசை அமுக்கிவிட்டான் என்று எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. டீச்சர், எங்கள் ஆட்கள் இருவர், எதிர்ப் பஞ்சர் கடைச் சகாயம், டீ கொண்டுவந்தவர், அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

சிக்கந்தர் ஒன்றுதான் கேட்டான். "அண்ணா, பிளக் ஓட்டையில ஒரு கரண்டி எண்ணெய் ஊத்தி மறுக்கா கேஜை வெய்யுங்க. ரிங்குல குத்தமிருந்தா நம்பர் ஏறும். ஏறலைன்னா ரிங்கு இல்லைன்னு தெரிஞ்சுரும்."

"எண்ணெய் ஊத்தி என்னை ஏமாத்தலாம்னு பாக்கறியா?" என்றேன்.

அவன் கையைத் துடைத்தான். டூல் பீரோ சாவியை மேஜைமேல் வைத்தான். போய்விட்டான். மறுநாள் இன்ஜினை நானே பிரித்து, வேலையை முடித்து, டீச்சரிடம் ஒப்படைத்தேன். வண்டி இன்றுவரை நன்றாக ஓடுகிறது. விஷயம் அவ்வளவுதான்.

மே 14

ஸ்டாம்பு பேடு தேடினேன். டிராயரின் பின்பக்கம் அந்தப் பாக்கெட் கையில் பட்டது. இன்னும் உள்ளே தள்ளிவைத்தேன்.

மே 17

தெய்வானை டீச்சர் ஆயில் மாற்ற வந்தார்.

"சென்னியப்பா, நீ போட்ட ரிங்கு அற்புதம் போ. வால்பாறை வரைக்கும் ஒரே மூச்சுல ஏறுது" என்றார்.

நான் குனிந்து ஆயில் ஃபில்டரை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உன்ற பாயைக் கோட்டூர் ரோட்டு தேங்காய் நார் மில்லுல பாத்தேன். மோட்டாருக்கு பெல்ட் மாட்டிட்டு இருந்தான். தலையெல்லாம் நாரு. பாக்கவே ஒரு மாதிரி ஆயிருச்சு. திருட்டுப் புத்தி உள்ளவனாட்டமே தெரியல. யாரை நம்பறதுன்னே தெரிய மாட்டீங்குது."

கையால் இறுக்கி விட வேண்டிய ஃபில்டரை ஸ்பேனர் போட்டு இறுக்கியிருக்கிறேன். அடுத்த தடவை கழற்றுகிறவன் என்னைத் திட்டுவான்.

மே 22

என் சொந்த வண்டி. நேற்று சரசுவைக் கூட்டிக்கொண்டு ஆனைமலைக் கோயிலுக்குப் போனபோது லேசாக உதறியது. இன்று பிளக் மாற்றக் கழற்றினேன். கழற்றியது கழற்றியாயிற்று என்று கேஜையும் வைத்தேன். நான்கிலும் நூற்று முப்பது.

இது நடக்காது. இந்த இன்ஜின் நான்கு வருஷத்துக்கு முன்னால் நானும் சிக்கந்தரும் சேர்ந்து கட்டியது. ஒரு சொட்டு எண்ணெய் குடிக்காது, புகையாது.

ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி வைத்தேன். இரண்டு, மூன்று ஏறியது, அவ்வளவுதான். அப்படியென்றால் ரிங்கில் குற்றம் இல்லை. வால்வு ஒழுகினால் வேக்குவம் கேஜில் முள் துடிக்கும். பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து அதையும் வைத்தேன். ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் நின்றது. ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று எதிர்த்துத் தள்ளவில்லை, புகை இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து குமிழி வருகிறதா என்றும் பார்த்தாகிவிட்டது. குளம் மாதிரி அமைதி.

எல்லா டெஸ்டும் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்கிறது. கம்ப்ரஷன் கேஜ் மட்டும் இல்லை என்கிறது. சிக்கந்தர் இருந்தால் என்ன சொல்லுவான் என்று யோசித்தேன். என்ன சொல்லுவான் என்பது தெரிந்தது. எழுதப் பிடிக்கவில்லை.

மே 23

சகாயம் டீ குடிக்க வந்தவன் மேஜைமேல் கிடந்த கேஜை எடுத்துப் பார்த்தான். அதன் ரப்பர்க் குழாயின் நுனியில், ஏறின காற்று திரும்பி இறங்காமல் பிடித்துவைக்க ஒரு சின்ன வால்வு பின் இருக்கும். அதை நகத்தால் அமுக்கினான்.

"இது நம்ம கடை டியூப் பின்னாச்சேண்ணா. போன பூஜைக்கு நீங்க வந்து வாங்கிட்டுப் போனீங்களே. இன்னுமா இதையே போட்டிருக்கறீங்க? இதுல ஸ்பிரிங்கு கட்டியா இருக்குமே. தொறக்கறதுக்கே தம் கட்டோணும்."

டீ ஆறிப்போனது.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள். டூல்ஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினேன். கேஜைக் கழுவும்போது பின் கழன்று தட்டில் விழுந்து எங்கோ போய்விட்டது. அவசரத்துக்கு எதிரே ஓடிப்போய் ஒரு டயர் டியூப் பின்னை வாங்கி முடுக்கினேன். அளவு ஒன்றுதான், அச்சாக உட்கார்ந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சிக்கந்தர் அப்போது பொரி கடலை வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பான்.

டயருக்குள் காற்றை அடைத்து வைக்கிற பின் அது. அதன் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கவே நாற்பது பவுண்டு போய்விடும். மிச்சத்தைத்தான் முள் காட்டும். பூஜை முடிந்து நான் முதலில் கேஜ் வைத்த வண்டி டீச்சருடையது.

மே 24

கோயமுத்தூர் போய் டூல்ஸ் கடையில் கேஜுக்கு உண்டான பின்னை வாங்கி வந்தேன். என் வண்டியில் வைத்தேன். 168, 170, 170, 169.

மே 25

ரிங்கு போய்விட்டது என்று நான் சொல்லி அனுப்பிய மற்ற மூன்று வண்டிக்காரர்களையும் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் நன்றாகத் திட்டினார். திட்டு வாங்கியது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

தப்பு செய்தது ஒரு பின். அதை சிக்கந்தரிடம் சொல்லிவிட்டால் அவன் திரும்பி வந்துவிடுவான். நாளை மறுநாள் போகிறேன்.

மே 27

நார் மில்லுக்குப் போனேன். சிக்கந்தர் வெளியே வந்தான். இளைத்திருக்கிறான். புருவத்தில் நார்த்தூசி. என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று, ஆனாலும் "வாங்கண்ணா, அண்ணி சௌக்கியங்களா?" என்றுதான் கேட்டான். எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம்.

பழைய பின்னை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"டியூப் பின்னு" என்றான். "இதுக்கென்னங்கண்ணா?"

"நம்ம கேஜுல இருந்தது பாய். நான்தான் போட்டேன். பூஜைக்குக் கழுவறப்ப."

அவன் அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஒரு பின்னு! இத்தனை மாசமா என்ற தலையைத் தின்னுருச்சுங்கண்ணா. நான் புது ரிங்குதான் போட்டேன்னு எனக்குத் தெரியும். அப்புறம் எப்படி நம்பர் வரலைன்னு தினம் யோசிப்பேன். ரிங்கோட வெட்டு வாயெல்லாம் ஒரே நேரா வெச்சுட்டனோ, தலைகீழா மாட்டிட்டனோன்னு. என்ற கை மேலயே எனக்கு நம்பிக்கை போயிருச்சுங்க. அதான் இங்க வந்து பெல்ட் மாட்டிட்டு இருக்கறேன். உடுமலைல ஒரு ஷெட்டுல கேட்டுப் பாத்தேன். மொதல்ல வரச் சொன்னாங்க, அப்புறம் வேண்டாம்னுட்டாங்க."

நான் டீயைக் குடித்தேன்.

"ஏனுங்கண்ணா, அப்புறம் நீங்க இன்ஜினைப் பிரிச்சீங்களே. ரிங்கு எப்படி இருந்துச்சு?"

"கவனிக்கல பாய். டீச்சர் அவசரப்படுத்தினாங்க. கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிட்டேன்."

"கவனிக்கலீங்களா?"

"இல்ல."

அவன் கையிலிருந்த பின்னை மேஜைமேல், என் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தான். "செரிங்கண்ணா" என்றான்.

"திங்கக்கிழமை வந்துரு பாய். பீரோ சாவி அப்படியே இருக்குது."

"பாக்கலாமுங்க."

நல்லபடியாகப் பேசி முடிந்தது. வருவான் என்றுதான் நினைக்கிறேன்.

மே 30

சிக்கந்தரின் டூல் தட்டைத் துடைத்து வைத்தேன். அவனுடைய நீள ஸ்குரூடிரைவரின் பிடி, இன்ஜின் சத்தம் கேட்கக் காதில் வைத்து வைத்து மழுங்கியிருக்கிறது.

ஜூன் 2

திங்கட்கிழமை. வரவில்லை.

ஜூன் 3

மழை. வரவில்லை.

ஜூன் 4

"பாய் வர்றாருன்னீங்க?" என்று சரசு கேட்டாள். டீக்கடையில் பேசியதைச் சொன்னேன். பின்னைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். ரிங்கைப் பற்றிச் சொன்னதும் கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"இன்ஜினைப் பிரிச்சுட்டு ரிங்கைப் பாக்கலையா? நீங்களா? கல்யாண ஊட்டுக்குப் போனாலே வாசல்ல நிக்கற காரைக் குனிஞ்சு பாத்துட்டுத்தான் உள்ள வருவீங்க."

ஷெட்டுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

ஜூன் 5

பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

நவம்பரில் அன்று ஒன்றாவது பிஸ்டனை வெளியே இழுத்ததுமே தெரிந்துவிட்டது. ரிங்கின் மேல்பக்கத்தில் கம்பெனி பொறித்த எழுத்து இன்னும் பளிச்சென்று இருந்தது. பழைய ரிங்கில் அது இருக்காது. இடைவெளியை அளந்தேன், சரியாக இருந்தது. ஒவ்வொரு ரிங்கின் வாயும் இருக்க வேண்டிய திசையில் இருந்தது. நான் கட்டியிருந்தால்கூட அவ்வளவு சுத்தமாகக் கட்டியிருக்க மாட்டேன். நான்கு பிஸ்டனையும் பார்த்தேன். நான்கும் அப்படித்தான்.

உடனே அவன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். கை கழுவி, சட்டை மாற்றி, வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் கத்தியாயிற்றே, எந்த முகத்தோடு போய் நிற்பது என்று உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையேதான் நினைத்தேன். ஒரு வாரம் போனதும், அவனே வந்து கேட்டால் சொல்லலாம் என்று ஆகிவிட்டது.

அவன் போட்ட ரிங்கையே திரும்பப் போட்டு இன்ஜினைக் கட்டினேன். கடைசியில் ஏர் ஃபில்டர் பெட்டியை மாட்டப் போனபோது பார்த்தால், உள்ளே ஒரு எலி தேங்காய் நாரைக் கொண்டுவந்து அடைத்துக் கூடு கட்டியிருந்தது. காற்று போக வழியில்லாமல்தான் வண்டி மலையில் முக்கியிருக்கிறது. எந்த மெக்கானிக்கும் முதலில் திறந்து பார்க்கிற இடம் அது. கேஜை வைத்த வேகத்தில் நான் பார்க்கவில்லை. நாரை எடுத்துப் போட்டதும் வண்டி பறந்தது. மறுபடி கேஜ் வைத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வைக்கவில்லை.

டீச்சரிடம் "ரிங்கு மாத்திட்டனுங்க" என்று சொன்னேன். அதற்காக வாங்கிய புது ரிங்கு செட் பாக்கெட் சீல் உடைக்காமல் டிராயரில் கிடக்கிறது. புதுசை அமுக்கிவிட்டுப் பழையதைப் போட்டான் என்று சிக்கந்தரைச் சொன்னேன். அதைச் செய்தவன் நான்தான்.

பின்னைக் கண்டுபிடித்ததும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பழியைப் போட ஒரு இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பின் என்னைத் தப்பாகப் பழி சொல்ல வைத்தது ஒரு நாள். அதற்கு அப்புறம் ஏழு மாதம் சும்மா இருந்ததும், அவன் தன் கையையே சந்தேகப்படும்படி விட்டதும், உடுமலைக்காரனிடம் "ஆனா" என்று இழுத்ததும் நான். வெட்கமாக இருக்கிறது. டீக்கடையில் அவன் கேட்டது என்னை நம்பித்தான்.

ஜூன் 9

பாக்கெட்டை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொன்னவர் பாதியில் எழுந்துவிட்டார். நானும் எழுந்தேன்.

"அப்ப என்ற வண்டில இப்ப ஓடறது யாரு போட்ட ரிங்கு?"

"சிக்கந்தர் போட்டதுங்க."

"போன மாசம் உன்ற ஷெட்டுலயே நின்னு உன்னைப் புகழ்ந்தேனே, வாயைத் தொறந்தியாடா நீ?"

ஐம்பத்தெட்டு வயசில் 'டா' வாங்கினேன். இன்னும் நாலு கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு, கார் சாவியை எடுத்து, "ஏறு" என்றார். நான் ஓட்டுகிறேன் என்றேன். "நீ பேசாம உக்காரு" என்றார்.

மில் வாசலில் லோடு ஏற்றுகிறவர்கள், வாட்ச்மேன் எல்லோரும் நின்றிருந்தார்கள். சிக்கந்தர் வந்தான். டீச்சரைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"பாய், அன்னிக்கு டீக்கடையில உங்கிட்டப் பொய் சொன்னேன். நான் ரிங்கைப் பாத்தேன். நாலும் புதுசு. அளந்தும் பாத்தேன். நீ ஒரு தப்பும் பண்ணல. அதையேதான் திரும்பப் போட்டுக் கட்டினேன். மாத்திட்டேன்னு டீச்சர்கிட்டயும் பொய் சொன்னேன். உடுமலைக்காரன் போன் பண்ணுனப்ப உன்னைப் பத்தித் தப்பாச் சொன்னதும் நான்தான்."

பாக்கெட்டை நீட்டினேன். அவன் வாங்கி, திருப்பித் திருப்பி சீலைப் பார்த்தான்.

"சிக்கந்தரு, நானும் அன்னிக்குப் பக்கத்துலதான் நின்னேன்" என்றார் டீச்சர். "பழைய ரிங்கை வாங்கி டிக்கில போட்டிருந்தாலே உனக்கு இந்தக் கெதி வந்திருக்காது. என்மேலயும் தப்பு இருக்குதப்பா."

"விடுங்க டீச்சர்" என்றான். பிறகு, "வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான்.

பானெட்டைத் தூக்கினான். இன்ஜின் ஓடுவதைத் தலை குனிந்து கேட்டான். மேல் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். நார் பிடித்த கை, வெட்டுக் காயங்கள் இருந்தன.

"நல்லாத்தான் கட்டியிருக்கறேன்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

"ஷெட்டுக்கு வா பாய்."

"இல்லீங்கண்ணா. வரலீங்க."

"கோவமா?"

"அன்னிக்கு நீங்க கத்துனதுக்குக் கோவம் இல்லீங்க. கேஜு அப்படிக் காட்டுச்சு. நானா இருந்தாலும் நம்பித்தான் இருப்பேன். போன தடவை வந்து அந்தப் பின்னைக் காட்டுனீங்க பாருங்க, அப்பவே மனசுக்குள்ள நான் ஷெட்டுக்கு வந்துட்டேனுங்க. அதுக்கு அப்புறந்தான் ரிங்கைக் கேட்டேன். கவனிக்கலைன்னீங்க."

பாக்கெட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். திரும்பி வரும்போதும் டீச்சர்தான் ஓட்டினார். ஷெட் வாசலில் இறக்கிவிட்டு, "இப்பவாவது சொன்னியே" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 10

காலையில் முதல் வேலையாக உடுமலைக்குப் போன் போட்டேன்.

"திருமூர்த்தி, போன மாசம் சிக்கந்தரைப் பத்திக் கேட்டியே. நான் 'ஆனா'ன்னு ஒண்ணு சொன்னேன். அது பொய். எனக்கு அப்பவே பொய்னு தெரியும். அவன் போட்ட ரிங்கை என்ற கண்ணால பாத்திருக்கறேன். உன்ற ஷெட்டுல அவன் இருந்தா உனக்குத்தான் பேரு."

"ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டான். என் வயசில் பாதி இருக்கும் அவனுக்கு.

"இன்னிக்கே அவனைக் கூப்பிடு. வேற யாராச்சும் கூப்பிடறதுக்குள்ள" என்றேன்.

ஜூன் 16

சிக்கந்தர் இன்று முதல் உடுமலைக்குப் பஸ்ஸில் போகிறானாம். சகாயம் சொன்னான். என் ஷெட்டைத் தாண்டித்தான் அந்த பஸ் போகும். எட்டரை மணிக்கு வாசலில் நின்று பார்த்தேன். கூட்டம், ஆள் தெரியவில்லை.

ஜூன் 30

திருமூர்த்தி கூப்பிட்டான்.

"அண்ணா, பாய் வந்து ரெண்டு வாரம் ஆச்சுங்க. தங்கமான ஆளுங்க. ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. வந்த அன்னிக்கு வண்டியைக்கூடத் தொடல. மொதல் வேலையா எங்க கம்ப்ரஷன் கேஜை எடுத்து, அந்தப் பின்னைக் கழட்டி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு."

"பின்னு செரியா இருந்துச்சா?"

"செரியாத்தான் இருந்துச்சுங்க. ஏன் பாய், எதுக்குப் பாக்கறீங்கன்னு கேட்டேன். 'பழக்கம். பொள்ளாச்சில எங்கண்ணன்கிட்டக் கத்துக்கிட்டது'ன்னாரு. உங்களைப் பத்தி அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலீங்க."

"ஆமாப்பா. எங்கிட்டக் கத்துக்கிட்டதுதான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்த சரசு என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, என்னாச்சு?" என்றாள். சோற்றைக் கையில் எடுத்ததுமே அழுகை வந்துவிட்டது.